இடையில் இல்லாத சட்டகங்கள்

எஸ்என் 1993ஜே என்ற சூப்பர்நோவாவின், அதாவது வெடித்துச் சிதறிய ஒரு விண்மீனின், ரேடியோ படங்களைக் கோர்த்துச் செய்த அந்தச் சின்னஞ்சிறு காணொளியை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள். கறுப்புப் பின்னணியில் ஒரு பொட்டு. அது பெரிதாகிறது, நடுவில் குழி விழுகிறது, வளையமாகிறது, வளையம் விரிந்துகொண்டே போகிறது. நமக்குச் சில விநாடிகள், அங்கே ஏழெட்டு ஆண்டுகள். படத்தொகுப்பில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவரிடம் ஆசையாக இதைக் காட்டினேன். ஒரு தடவை ஓடி முடிந்ததுமே, "இதில் எடுத்த படம் எத்தனை, இடையில் போட்டு நிரப்பினது எத்தனை?" என்று கேட்டார். "நிஜத்தில் எடுத்தது இவ்வளவு வழுக்கிக்கொண்டு போகாது" என்றும் சொன்னார். அவர் கண் தொழில் பழகிய கண். எடுத்த படங்கள் கொஞ்சம்தான். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஆரம்பத்தில் சில வாரங்கள், பின்னாளில் பல மாதங்கள். மிச்சமெல்லாம் கணினி இட்டு நிரப்பியது. இதை அவரிடம் சொல்லிவிட்டேன். ஆனால் கேள்வி அதோடு போகவில்லை. அப்படியானால் இந்தப் படத்தில் எதை நம்புவது? ஒரு விண்மீன் வெடித்து விரிவதை நாம் உண்மையில் பார்த்தோமா, பார்த்ததாகச் சொல்லிக்கொள்கிறோமா?

இதைப் பற்றி எனக்கு இப்போது ஓர் உறுதியான கருத்து இருக்கிறது. அந்தக் காணொளி நமக்குக் காட்டும் விஷயம், அந்த அளவீடுகள் உண்மையில் சொல்லும் விஷயத்தைவிட மிகச் சிறியது. அதன் வழவழப்புதான் அதைச் சிறியதாக்குகிறது. ஏன் என்று சொல்லக் கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும்.

இரண்டு மூன்று மங்கல் அகலத்தில் ஒரு படம்

1993 மார்ச் 28 அன்று ஸ்பெயினைச் சேர்ந்த பிரான்சிஸ்கோ கார்சியா டியாஸ் என்ற வானியல் ஆர்வலர் எம்81 விண்மீன் மண்டலத்தில் ஒரு புதிய ஒளிப்புள்ளியைக் கண்டார். எம்81 நம்மிடமிருந்து ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. சூப்பர்நோவாக்களின் கணக்கில் இது அடுத்த வீடு. வெடிப்பில் சிதறிய பொருள் விநாடிக்கு 20,000 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் ஓடியது. ஓராண்டு அதே வேகத்தில் போனால் சுமார் 63,000 கோடி கிலோமீட்டர். கேட்கப் பிரம்மாண்டமாக இருக்கிறது. ஆனால் அவ்வளவு தொலைவிலிருந்து பார்க்கும் நமக்கு, அந்த ஓராண்டு முடிவில், சிதறிய பொருளால் உருவான கோளக் கூடு முழுவதன் குறுக்களவும் சுமார் 2 மில்லி வில்விநாடிதான் (ஒரு பாகையை 36 லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மில்லி வில்விநாடி). 20 கிலோமீட்டர் தள்ளி ஒருவர் இரண்டு தலைமுடிகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றால் அவற்றின் தடிமன் நம் கண்ணில் எவ்வளவு கோணம் பிடிக்குமோ, அவ்வளவு.

இந்த அளவைப் பிரித்துப் பார்க்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. கண்டம் விட்டுக் கண்டம் ஆண்டெனாக்களைச் சேர்த்து ஒரே தொலைநோக்கி போலப் பயன்படுத்தும் வி.எல்.பி.ஐ. முறை. நல்ல நேரமாக, அதற்கென்றே கட்டிய அமெரிக்காவின் வி.எல்.பி.ஏ. ஆண்டெனா வரிசை முழுமை பெற்றதும் அதே 1993-இல்தான். ஹவாயின் மௌனா கியா முதல் கரீபியக் கடலின் செயின்ட் குரோய் தீவு வரை, 25 மீட்டர் விட்டமுள்ள பத்து ஆண்டெனாக்கள், 8,000 கிலோமீட்டருக்கு மேல் விரிந்த வரிசை. அதோடு நியூ மெக்சிகோவில் இருக்கும் வி.எல்.ஏ. என்ற ரேடியோ தொலைநோக்கி வரிசை, ஜெர்மனியின் எஃபல்ஸ்பெர்க்கில் இருக்கும் 100 மீட்டர் தொலைநோக்கி, ஸ்பெயின், இத்தாலி என்று கை கொடுத்தவர்கள் பலர். ஒவ்வொரு இடத்திலும் ஹைட்ரஜன் மேசர் என்ற மிகத் துல்லியமான அணுக் கடிகாரத்தின் நேரத்தோடு சமிக்ஞையை நாடாவில் பதிந்து, பெட்டி பெட்டியாக ஓரிடத்துக்கு அனுப்பி, அங்கே ஒன்றோடொன்று ஒப்பிட்டார்கள். சரி, இவ்வளவும் செய்து கிடைத்த கூர்மை எவ்வளவு? 3.6 சென்டிமீட்டர் அலைநீளத்தில் ஒரு மில்லி வில்விநாடிக்கும் சற்றுக் குறைவு. அதைவிடச் சின்ன எதுவும் ஒரே மங்கல் புள்ளியாகத்தான் தெரியும். அதாவது அந்த முதலாண்டுப் படத்தில் கூட்டின் குறுக்கே இரண்டு மூன்று மங்கல் புள்ளிகள்தான் வரிசையாக அடங்கும். காணொளியின் தொடக்கத்தில் 'பொட்டு' தெரிவது அதனால்தான். அந்தச் சமயத்திலும் வெடிப்பு கூடாகத்தான் இருந்தது. நம் பார்வைதான் அதைப் பொட்டாக்கியது.

இங்கே இன்னொரு விஷயமும் உண்டு. கூடு சின்னதாக இருந்தபோது குறுகிய அலைநீளத்தில் பார்த்தார்கள், கூர்மை வேண்டுமே. வளர வளர அது மங்கியது, அதனால் நீண்ட அலைநீளங்களுக்குப் போக வேண்டி வந்தது. நீண்ட அலைநீளத்தில் கூர்மை குறையும். ஆக, காணொளியின் தொடக்கத்துச் சட்டகமும், அதாவது தனிப்படமும், கடைசிச் சட்டகமும் ஒரே கண்ணால் பார்த்தவை இல்லை. நிறங்களும் அப்படித்தான். இந்த மாதிரித் தொடர்களில் ஒவ்வொரு சட்டகத்துக்கும் அதனதன் உச்சப் பிரகாசத்தை வைத்து நிறம் பூசுவது வழக்கம். அந்தக் கூடு ஆண்டுக்கு ஆண்டு மங்கிக்கொண்டே போன சேதி நிறத்திலிருந்து மறைந்துவிடுகிறது. பார்ப்பவருக்கு அது கடைசிவரை ஒரே தழலாக எரிகிறது.

வளையத்தில் முளைக்கும் புள்ளிகள்

என்னை ரொம்ப நாள் அலைக்கழித்தது வளையத்தின் மேல் தெரியும் பிரகாசமான திட்டுகள். வளையம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லை. ஒரு பக்கம் பளிச்சென்று இருக்கிறது, எதிர்ப்பக்கம் சோகையாக இருக்கிறது. ஆண்டுகள் போகப்போக அந்தப் பளிச்சென்ற இடம் வளையத்தின் மேலேயே மெல்ல இடம் மாறுகிறது, இரண்டு மூன்றாகப் பிரிகிறது. பார்த்தவுடன் மனசு கதை கட்டத் தொடங்கிவிடும். அங்கே வாயு அடர்த்தியாக இருந்திருக்கும், அதில் போய் மோதியிருக்கும், இத்யாதி.

ஆனால் இந்தப் படங்கள் எப்படி உருவாகின்றன என்று பாருங்கள். இரண்டு ஆண்டெனாக்கள் சேர்ந்தால் ஒரு படம் கிடைக்காது. அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம், திசை ஆகியவற்றுக்கு உரிய ஓர் எண் கிடைக்கும். பூமி சுற்றச் சுற்ற அந்தத் திசை மாறும், வேறு எண்கள் கிடைக்கும். எத்தனை ஜோடி ஆண்டெனாக்கள், எத்தனை மணி நேரம் என்பதைப் பொறுத்து அந்த எண்களின் தொகுப்பு நிறையும். ஆனால் ஒருபோதும் முழுதாக நிறையாது. அட்லாண்டிக் நடுவே ஆண்டெனா கிடையாது. அந்த ஓட்டைகளோடு படத்தை மீட்டெடுக்கும்போது கணிப்புமுறை தன் பங்குக்கு எதையாவது சேர்க்கும். எல்லாப் பக்கமும் துல்லியமாக ஒரே பிரகாசமுள்ள ஒரு கூட்டைக் கணினியில் செய்து, அதே ஆண்டெனாக்கள், அதே ஓட்டைகள் வழியாகச் சலித்து எடுத்தால், அந்தப் போலிக் கூட்டிலும் திட்டுகள் முளைக்கும். திட்டுகள் எல்லாமே பொய் என்று நான் சொல்லவில்லை. வளையத்தின் ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தைவிடப் பிரகாசம் என்ற பெரிய வேறுபாட்டை நம்ப எனக்குத் தயக்கமில்லை. ஆனால் ஒரு மங்கல் புள்ளியின் அளவே உள்ள ஒரு சின்னத் திட்டு ஒரு சட்டகத்தில் இங்கேயும் அடுத்ததில் அங்கேயும் இருந்தால், அதை 'நகர்ந்தது' என்று காட்டுவதற்கு இடையில் சட்டகங்களைச் செருகுவது ரொம்பத் தூரம் போவதாகும். நகர்வை அங்கே உருவாக்குவது காணொளிதான்.

அப்படியானால் எது கெட்டியான பிடி? கூட்டின் அளவு. அதைப் படத்தில் அளவுகோல் வைத்து யாரும் அளக்கவில்லை என்பதுதான் நான் சொல்ல வந்ததன் முதல் பாதி. கூடு போன்ற ஒரு வடிவத்துக்கு ஒரு தனிக்குணம் உண்டு. ஆண்டெனாக்களுக்கு இடையிலான தூரத்தைக் கூட்டிக்கொண்டே போனால், அவை சேர்ந்து உணரும் சமிக்ஞை குறைந்துகொண்டே வரும். ஒரு குறிப்பிட்ட தூரத்தில் சுத்தமாகப் பூஜ்யமாகும். அதையும் தாண்டினால் மறுபடி தலைதூக்கும். அந்தப் பூஜ்யம் எந்தத் தூரத்தில் விழுகிறது என்பது கூட்டின் விட்டத்தைச் சொல்லிவிடும். கூடு பெரிதாகப் பெரிதாக அந்தப் பூஜ்யம் குறைந்த தூரங்களை நோக்கி உள்ளே நகரும். இந்த நகர்வை எண்களிலேயே பார்க்கலாம், படம் வேண்டியதில்லை. ஒரு கோளக் கூட்டை மாதிரியாக எடுத்து, அதன் வெளி ஆரத்தை மாற்றி மாற்றி, எல்லா எண்களோடும் சேர்ந்து பொருந்தும் ஆரத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். ஆயிரக்கணக்கான எண்கள் கூடி ஒரே ஒரு விடையைச் சொல்வதால், படத்தின் மங்கல் அளவைவிடப் பல மடங்கு நுட்பமாக ஆரம் கிடைக்கிறது. பூஜ்யம் எல்லாத் திசையிலும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் விழுந்தது, அதனால் கூடு சில விழுக்காட்டுக்குள் வட்டம் என்றும் தெரிந்தது. வானியலாளர்கள் நார்பர்ட் பார்ட்டெல், மைக்கேல் பீட்டன்ஹோல்ட்ஸ் ஆகியோரின் குழுவும், ஸ்பெயினில் ஜோன் மார்க்காய்டேயின் குழுவும் தனித்தனியாக இந்த வேலையைப் பல ஆண்டுகள் செய்தார்கள். நுணுக்கங்களில் இரு தரப்புக்கும் ஒத்துப்போகாத இடங்கள் உண்டு. அது எனக்கு ஆறுதலாகவே இருக்கிறது. இரண்டு குழுக்கள் ஒரே வானத்தை வெவ்வேறு வழியில் பிழிந்தும் கூடு வட்டம்தான், விரிகிறது, வேகம் குறைகிறது என்ற மூன்றும் இருவருக்கும் நிற்கிறது.

வேகம் குறைகிறது

இந்த மூன்றாவதில்தான் என் யோசனை திசை திரும்பியது. அந்தக் காணொளியை எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் வேகம் குறைவது கண்ணுக்குத் தெரியாது. வளையம் சமச்சீராக விரிவதாகவே தோன்றும். ஆனால் அதே ஆரங்களை, ஒரு பக்கம் காலம், இன்னொரு பக்கம் அளவு என்று இரண்டையும் மடக்கை அளவுகோலில் (ஒவ்வொரு பத்து மடங்குக்கும் சம இடைவெளி விடும் அளவுகோலில்) வைத்து வரைந்த ஒரு வரைபடம் இருக்கிறது. பார்வைக்கு எந்தக் கவர்ச்சியும் கிடையாது. புள்ளிகள் ஒரு சாய்கோட்டை ஒட்டி ஏறுகின்றன, அவ்வளவுதான். வேகம் மாறாமல் இருந்தால் அந்தக் கோட்டின் சாய்வு சரியாக 1 இருக்க வேண்டும். இங்கே 0.8-க்கும் 0.9-க்கும் நடுவில் நிற்கிறது. வயது பத்து மடங்கானால் அளவு பத்து மடங்காகவில்லை, ஏழு மடங்கை ஒட்டித்தான் ஆகிறது. வேகக் கணக்கில் சொன்னால், முதல் சில ஆண்டுகளுக்குள் அது ஏறக்குறைய பாதியாகிவிட்டது.

ஏதோ ஒன்று தடுத்திருக்கிறது. அந்த ஏதோ ஒன்று அந்த விண்மீனே தன் கடைசிக் காலத்தில் வெளியே விட்ட காற்று. வெடிப்பதற்கு முன் அது ஒரு பெருமீன், பக்கத்தில் ஒரு துணைமீனும் இருந்தது. அப்படிப்பட்ட பெருமீன்களின் மேற்பரப்பிலிருந்து வாயு விநாடிக்குச் சுமார் 10 கிலோமீட்டர் என்ற நிதானத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கசிந்துகொண்டிருக்கும். வெடிப்பின் அதிர்ச்சி அலை அதற்குள் புகுந்து இடிக்கும்போது எலக்ட்ரான்கள் காந்தப்புலங்களில் சுழன்று ரேடியோ அலைகளை உமிழ்கின்றன. நாம் பார்க்கும் வளையம் அந்த மோதல் நடக்கும் இடம். சிதறிய விண்மீனின் உடல் அதற்கு உள்ளே இருக்கிறது, ரேடியோவில் அது பெரும்பாலும் இருட்டு. வளையத்தின் நடுப்பகுதி எதிர்பார்த்ததைவிட மங்கலாக இருப்பதற்கும் அதுவே காரணம். கூட்டின் பின்பக்கத்திலிருந்து வரும் அலைகளை அந்த உடல் மறைத்துவிடுகிறது.

இப்போது இரண்டு வேகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். காற்று விநாடிக்கு 10 கிலோமீட்டர். அதிர்ச்சி அலை ஆரம்பத்தில் 20,000-ஐ ஒட்டி, பிறகு 10,000-ஐ ஒட்டி. ஆயிரம், இரண்டாயிரம் மடங்கு வித்தியாசம். அதிர்ச்சி அலை ஓராண்டில் கடக்கும் தூரத்தில், அந்த விண்மீன் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக விட்ட காற்று அடுக்கடுக்காகக் கிடக்கிறது. விண்மீனுக்கு அருகில் இருப்பது சாவுக்குச் சற்று முன் விட்டது. தள்ளிப் போகப்போக இன்னும் பழையது. வளையம் வெளியே போகப்போக அது அந்த விண்மீனின் வாழ்க்கையைப் பின்னோக்கிப் புரட்டுகிறது. நம் பக்கம் காலம் முன்னோக்கி ஓடுகிறது, 1994, 1997, 2001. வளையத்தின் விளிம்பில் அதே நேரத்தில் வெடிப்புக்கு ஆயிரம் ஆண்டு முன், நாலாயிரம் ஆண்டு முன், எட்டாயிரம் ஆண்டு முன் என்று போய்க்கொண்டிருக்கிறது. இது புரிந்த பிறகு அந்தக் காணொளியை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை. வெடிப்பு விரிகிறது என்று மட்டுமே அது சொல்கிறது. விரிவின் வேகத்தில் விழும் சின்னச் சின்ன மாற்றங்கள், பிரகாசத்தில் விழும் வளைவுகள் எல்லாம் ஒரு பழைய நாட்குறிப்பின் வரிகள். இடைச்சட்டகங்கள் இட்டு நிரப்பும்போது முதலில் அழிவது அந்த வரிகள்தான்.

ஒரு வரியை மட்டும் சொல்கிறேன். வெடித்து ஏறக்குறைய 3,100 நாட்கள் வரை இந்தச் சூப்பர்நோவாவின் ரேடியோ பிரகாசம் ஒரு சீரான போக்கில் இறங்கிக்கொண்டிருந்தது. அப்புறம் சட்டென்று செங்குத்தாக விழத் தொடங்கியது. 2007-இல் வானியலாளர் கர்ட் வைலரின் குழு இதற்குச் சொன்ன விளக்கம், அந்த இடத்துக்கு அப்பால் காற்று அடர்த்தி குறைவு என்பது. காலக்கணக்கில் மாற்றிச் சொன்னால், வெடிப்புக்குச் சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன் அந்த விண்மீன் பொருளை இழக்கும் வேகம் கணிசமாகக் கூடியது. அதற்கு முன் அவ்வளவு இழக்கவில்லை. வெடிக்கும் முன் யாரும் பொருட்படுத்தி ஆராயாத ஒரு விண்மீன், எண்ணாயிரம் ஆண்டுகளுக்கு முன் தன் குணத்தை மாற்றிக்கொண்ட தருணத்தை, அது இல்லாமல் போன பின் ஒரு பிரகாசக் கோட்டின் முறிவிலிருந்து படிக்கிறோம்.

இரண்டே சட்டகங்கள்

சட்டகங்கள் நிறைய இருந்தால்தான் காலம் தெரியும் என்பதில்லை. நம் பால்வீதியின் மையத்தை ஒட்டி ஜி1.9+0.3 என்று ஒரு வெடிப்பு மிச்சம் இருக்கிறது. 1985-இல் வி.எல்.ஏ. அதை ரேடியோவில் படம் பிடித்தது. ஒரு சின்ன வளையம், அவ்வளவுதான், கிட்டத்தட்ட மறந்துவிட்டார்கள். 2007-இல் சந்திரா எக்ஸ்-கதிர் தொலைநோக்கி பார்த்தபோது அது சுமார் 16 விழுக்காடு பெரிதாக இருந்தது. ரேடியோவையும் எக்ஸ்-கதிரையும் ஒப்பிடுவது சரியா என்ற சந்தேகம் வரும், வர வேண்டும். அதனால் 2008-இல் வி.எல்.ஏ.வை வைத்தே மறுபடி எடுத்தார்கள். வளர்ந்தது உறுதியானது. 22 ஆண்டுகளில் 16 விழுக்காடு என்றால், வேகமே குறையாமல் வந்திருந்தாலும் வயது சுமார் 160 ஆண்டுக்கு மேல் போகாது. குறைந்திருந்தால் இன்னும் இளையது. நம் மண்டலத்தில் அறியப்பட்டவற்றில் மிக இளைய சூப்பர்நோவா மிச்சம் அது. இரண்டு படம், நடுவில் ஒன்றும் இல்லை. அந்த நடுவை நிரப்ப யாருக்கும் தோன்றாததால் அந்த ஜோடி எனக்கு எந்தக் காணொளியைவிடவும் நேர்மையாகத் தெரிகிறது.

என் கோரிக்கை சின்னதுதான். இந்த மாதிரித் தொடர்களை வெளியிடும்போது எடுத்த படங்களை மட்டும் காட்டுங்கள். ஒவ்வொன்றையும் அடுத்தது எடுக்கப்பட்ட நாள் வரை திரையில் அப்படியே நிற்க விடுங்கள். தாவினால் தாவட்டும். மூலையில் அந்தந்தச் சட்டகத்தின் மங்கல் வட்டத்தைப் போடுங்கள். பக்கத்தில் அந்தச் சாய்கோட்டு வரைபடத்தில் புள்ளி ஒவ்வொன்றாக விழட்டும். பார்ப்பவர்களுக்குச் சலிப்பாக இருக்கும் என்று பயப்பட வேண்டாம். புள்ளிகள் கோட்டைவிட்டு மெல்லக் கீழே விலகும் இடத்தில்தான் மொத்தச் சுவாரசியமும் இருக்கிறது.

இப்படி ஒரு வரைபடம் இப்போதும் வளர்ந்துகொண்டிருக்கும் இடம் எஸ்என் 1987ஏ. 1,68,000 ஒளியாண்டு தொலைவில், பெரிய மெகல்லன் மேகம் என்ற பக்கத்து விண்மீன் மண்டலத்தில். வெடித்த சில நாட்களில் ரேடியோவில் தெரிந்து, விரைவில் மங்கி, 1990 வரை ஓசையில்லாமல் கிடந்தது. அதுவும் ஒரு நாட்குறிப்பு வரிதான். வெடிப்பதற்கு முன் அது நீலப் பெருமீன், அதன் காற்று மெலிசு, இடிப்பதற்கு அங்கே அதிகம் ஒன்றுமில்லை. அந்த வெறுமையில் அதிர்ச்சி அலை விநாடிக்குச் சுமார் 30,000 கிலோமீட்டரில் பாய்ந்திருக்கிறது. பிறகு, ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன் அந்த விண்மீன் கழற்றிவிட்ட வாயு வளையமும் அதைச் சூழ்ந்த அடர்ந்த பகுதியும் எதிரே வர, வேகம் விநாடிக்குச் சில ஆயிரம் கிலோமீட்டருக்கு இறங்கியது. ஆஸ்திரேலியாவின் நராப்ரை அருகே, 22 மீட்டர் விட்டமுள்ள ஆறு ஆண்டெனாக்கள் 1992 முதல் விடாமல் அதைப் படம் பிடித்துவருகின்றன. 25 ஆண்டுப் படங்களை வானியலாளர் யவெட் செண்டெஸும் உடனிருந்தவர்களும் 2018-இல் ஒன்றாக வைத்து, வடிவத்துக்கு மாதிரி பொருத்தி, ஆரத்தைக் கணக்கிட்டார்கள். 2012 வாக்கில் கோடு மேல்நோக்கித் திரும்பியிருக்கிறது. விநாடிக்குச் சுமார் 2,300 கிலோமீட்டராக இருந்த விரிவு 3,600 ஆகியிருக்கிறது. அதிர்ச்சி அலை வளையத்தின் அடர்ந்த பகுதியைக் கடந்து மறுபக்கம் வந்துவிட்டது. இனி அது உழப்போவது, அந்த வளையத்தைக் கழற்றுவதற்கும் முந்தைய காலத்தில், சிவப்புப் பெருமீனாக இருந்தபோது அந்த விண்மீன் விட்ட காற்றை. அடுத்த பத்தாண்டுப் புள்ளிகள் கோட்டின் எந்தப் பக்கம் விழும் என்று பார்க்க நான் காத்திருக்கிறேன்.